குலசிங்கம் அங்கிள் மீன் வெட்டுகிறார்

என் ஆசை அப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்டுத் தொடங்க முடியாத கடிதம் இது. அதனால் நேரே செய்திக்கு வருகிறேன். குலசிங்கம் அங்கிள் மீன் வெட்டுகிறார்.

ஓம் அப்பா, அவரேதான். நெற்றியில் திருநீறு, இடுப்பில் ரப்பர் ஏப்ரன், மூக்குக்கண்ணாடியில் ஒரு மீன் செதிள். வேலை முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த நான் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று அதைப் பார்த்தேன். பிறகு தெருவில் தனியாக நின்று சிரித்தேன். நாயோடு போன ஒரு டெனிஷ் பெண், உனக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டுவிட்டுப் போனார்.

வைலே நகரில் எங்கள் தெரு முனையில், நீங்கள் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு சைக்கிள் கடை இருந்ததே, அதை அவருடைய மகன் பிரணவன் எடுத்து மீன் கடை ஆக்கியிருக்கிறான். ஒரு பக்கம் ஐஸில் மீன். மற்றப் பக்கம் உயரமான மேசையும் கதிரைகளும். அங்கேயே இருந்து சாப்பிடலாம். போக்கே என்று பெயர். சோற்றின் மேல் பச்சை மீனைச் சதுரம் சதுரமாக வெட்டிப் போட்டு, மாம்பழம், வெள்ளரிக்காய், எள்ளு எல்லாம் சேர்த்து ஒரு கிண்ணத்தில் தருகிறார்கள். ஹவாய்ச் சாப்பாடாம். "சமைக்கப் பஞ்சிப்பட்ட ஆரோ கண்டுபிடிச்சது" என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. மகன் முன்னால் நின்று விற்கிறான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தகப்பன் உதவிக்கு வந்து பின்னால் நின்று மீன் துப்புரவு செய்கிறார்.

இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு மூடவில்லை. நாலு பேர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஊரில் கடலோரக் குருநகர். கடலில் தொழில் செய்த குடும்பம். அகதியாக டென்மார்க் வந்து, மேற்குக் கரையில் ஒரு துறைமுகத்தில் மீன் பக்டரியில் வேலைக்குச் சேர்ந்தீர்கள். அம்மாவும் நானும் தம்பியும் பிறகுதான் வந்தோம். குலசிங்கம் அங்கிளும் அதே பக்டரிதான், உங்களுக்குப் பக்கத்திலேயே நின்று மீன் வெட்டியவர். ஆனால் அவருடைய ஊர் தோட்டமும் கோயிலும் உள்ள ஊர். தான் ஒபிஸில் வேலை செய்வதாக வீட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தார். பிறகு பக்டரி மூடப்பட்டு, அவரும் நாங்களும் வைலேக்கு வந்து சேர்ந்தோம்.

தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கதிரை அடுக்க ஆள் வேண்டும் என்றால் அவர் எங்கள் வீட்டுக்கு வருவார். தன்னுடைய சோபாவை மூன்றாம் மாடிக்கு ஏற்ற வேண்டும் என்றாலும் வருவார். அம்மா தேத்தண்ணி கொண்டு வந்து வைப்பார். "இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்பார் அவர். இல்லாவிட்டால் வயிறு சரியில்லை. ஒருநாள் செவ்வாய்க்கிழமை விரதம் என்றார், அன்று புதன். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. அங்கிளுக்கு வயிற்றில் ஏதோ பெரிய வருத்தம் என்று நினைத்துச் செபமாலை சொல்லும்போது அவருக்காகவும் ஒரு மணி சேர்த்துச் சொன்னேன். அந்த மணியை இப்போது திருப்பிக் கேட்க ஆசையாக இருக்கிறது.

எங்கள் ஆட்கள் இரண்டு பேர் புதிதாகச் சந்தித்தால் ஒரு கேள்வி வரும். "ஊரில எவடம்?" அது இடம் அறிவதற்கான கேள்வி இல்லை, ஆள் அறிவதற்கானது. நீங்கள் எப்போதும் "ரவுன் பக்கம்" என்று நகரத்தைச் சொல்வீர்கள். ரவுனில் எவடம் என்பார்கள். "பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட." எந்தக் கோயிலடி என்பார்கள். நீங்கள் உடனே டென்மார்க்கின் குளிரைப் பற்றிப் பேசத் தொடங்குவீர்கள். பக்டரி வேலை முடிந்து வந்து, மீன் மணம் போகக் கைக்குக் கோப்பித்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவாமல் ஒரு தமிழ் வீட்டுக்கும் நீங்கள் போனதில்லை.

பிறகு எனக்கு ஒஸ்லோவிலிருந்து மாப்பிள்ளை பேசி வந்தார்கள். பெண் பார்த்து, பலகாரம் சாப்பிட்டு, நாள் குறிக்கலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. அவர்கள் விசாரிப்பதற்கு வைலேயில் தெரிந்த ஒரே ஆள் குலசிங்கம் அங்கிள். ஒரு ரெலிபோன். அதோடு ஒஸ்லோ நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் அத்தை அம்மாவிடம் சொன்னார்: "மீன் ஆக்கள் எண்டு குலசிங்கம் அண்ணை சொன்னவர். நீங்கள் முதலே சொல்லியிருக்கலாமே, எங்களுக்கும் அலைச்சல் இல்லை."

அந்த மாப்பிள்ளைக்காக நான் கறுவவில்லை. எனக்கு றெஜி கணவராகக் கிடைத்தார், நன்றாகவே இருக்கிறேன். ஒஸ்லோக்காரருக்குத் தலையில் ஒரு மயிரும் இல்லையாம், அதுவும் ஒரு சந்தோசம். நான் கறுவுவது உங்களுக்காக. அந்த ரெலிபோனுக்குப் பிறகு நீங்கள் தமிழ் விழாக்களுக்குப் போவதை விட்டீர்கள். பகிடி சொல்வதை விட்டீர்கள். ஃபியோர்டு என்கிற கடற்கழிக் கரையில் போய் நின்று பாலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான் குலசிங்கம் வீட்டுக்குப் போய்க் கேட்கப் போகிறேன் என்று சப்பாத்துப் போட்டபோது, வாசலில் வந்து நின்றீர்கள்.

"விடு பிள்ளை. அவரைப் பற்றி ஒண்டும் கதையாதை."

ஏன் என்று கேட்டேன். நீங்கள் சொல்லவில்லை. கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

சரி, நீங்கள் விட்டீர்கள். நான் விடவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. குலசிங்கம் அங்கிள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டை நாலு பேர் பார்க்க வாயில் வைக்க வேண்டும். மன்னிப்பு வேண்டாம். மன்னிப்பை ரெலிபோனிலும் சொல்லிவிடலாம், அவருக்கு ரெலிபோனில் பேச நன்றாக வரும்.

அடுத்த நாளே கடைக்குச் சாப்பிடப் போனேன். பிரணவன் நல்ல பிள்ளை, அதைச் சொல்லத்தான் வேண்டும். "வாங்கோ அக்கா" என்றான். எந்தக் கிண்ணம் வேண்டும், சால்மனா சூரையா, உறைப்புச் சோஸ் போடலாமா என்று பாதி டெனிஷும் பாதி தமிழுமாகக் கேட்டான். நான் அவனுக்குப் பின்னால் பார்த்தேன்.

"அங்கிள், நீங்களே போட்டுத் தாங்கோ."

அவர் நிமிர்ந்து பார்த்தார். என்னைத் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தது தெரிந்தது. பிறகு கையுறையை மாற்றிக்கொண்டு வந்து, கிண்ணத்தில் சோறு போட்டு, மீன் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினார். நான் ஜன்னலோரம் இருந்து மெல்ல மெல்லச் சாப்பிட்டேன். நல்ல ருசி, அப்பா. அதுதான் எரிச்சல். பழி வாங்கப் போன இடத்தில் இரண்டாம் கிண்ணமும் வாங்கினேன்.

அதன் பிறகு வாரம் தவறாமல் போனேன். ஒவ்வொரு முறையும் "அங்கிள் தரட்டும்" என்பேன். மாம்பழம் காணாது என்று திருப்பிக் கொடுப்பேன். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு இன்னொன்று கேட்பேன். நான் கேட்டதையெல்லாம் அவர் செய்தார். ஆனால் கழிவுவாளி நிரம்பி அவர் அதைப் பின்கதவால் தூக்கிக்கொண்டு போகும்போது முதுகு வளைந்திருப்பதைப் பார்த்தேன். பாவம் என்று மனம் சொல்லப் பார்த்தது. உங்கள் முதுகை நினைத்தேன், சரியாகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை நான் அளவு மீறினேன். தமிழ்ப் பள்ளிக்கூடம் விட்டுக் கறிக்கு மீன் வாங்க எங்கள் சனம் எல்லாம் வந்து நின்ற நேரம். அவர் ஒரு பெரிய மீனுக்குச் செதிள் தட்டிக்கொண்டிருந்தார். நான் கடை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"அங்கிள், மீன் வேலையெல்லாம் வடிவாச் செய்யிறியள். ஊரில எவடம்?"

கத்தி அவர் கையில் நின்றது. பிரணவனுக்கு மட்டும் அந்தக் கேள்வியின் உள்ளே இருப்பது தெரியாது. அவன் சிரித்துக்கொண்டே ஊரின் பெயரைச் சொன்னான். எனக்கு உச்சி குளிர்ந்தது. ஒரு நொடிதான். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற செல்வி அன்ரி பக்கத்து ஆளிடம் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது.

"உவ ஆரைக் கேக்கிறா? உவைதானே அந்த ஆக்கள்."

குலசிங்கம் அங்கிளை அடிக்க எடுத்த தடி உங்கள் மேல் விழுந்துவிட்டது. மீன் வேலை கேவலம் என்று நானும்தானே அங்கே சொன்னேன்? சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தேன். அன்றைக்குத்தான் யோசித்தேன்: அவர்களுடைய கத்தியால் வெட்டினால் அவர்களுடைய வெட்டுத்தான் விழும். எங்கள் வீட்டுச் சட்டியைத்தான் எடுக்க வேண்டும்.

அப்போது உங்கள் ஆண்டு, நீங்கள் இறந்த நாள், நெருங்கிக்கொண்டிருந்தது. உங்களுக்கு எது பிடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்: டொஸ்க் என்று டெனிஷில் சொல்கிற பெரிய வெள்ளை மீனின் தலைக் கறி. தலையை வாங்கப் போனதும் அந்தக் கடைக்குத்தான்.

"தலை என்னத்துக்குப் பிள்ளை?" என்று கேட்டார் குலசிங்கம் அங்கிள். அவராக என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அப்பாவின்ர ஆண்டு வருது."

அவர் ஐஸுக்கு அடியிலிருந்து பெரிய தலைகளாகத் தேடி எடுத்தார். செவுளைத் தானே கிள்ளி எடுத்து, கழுவி, நான் கேட்காமலே நெடுக்காகப் பிளந்து தந்தார். கறிக்குத் தலையை அப்படிப் பிளக்கிறவர் நீங்கள் ஒருவர்தான் என்று நான் நினைத்திருந்தேன். கெதியாகப் போக வேண்டும் என்கிற அவசரத்தில் அதைப் பற்றி மேலே யோசிக்கவில்லை.

ஆண்டுப் பூசைக்கு அம்மா ஒடென்சேயிலிருந்து தம்பியோடு வந்தார். நான் பெரிய சட்டியில் கறி காய்ச்சுவதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவும் ஆருக்கு?" என்று கேட்டார். குலசிங்கம் அங்கிளுக்கு என்றேன். அம்மா அகப்பையை வாங்கித் துழாவி, உப்புப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் புளி விடு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். உங்கள் மனைவியை நீங்கள் சரியாகத் தெரிந்துவைத்திருந்தீர்களோ தெரியாது, அப்பா. நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பூசை முடிந்து, சட்டியைத் துவாயால் சுற்றிக் காரில் வைத்து, பாணும் கடதாசிக் கிண்ணங்களும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். சனிக்கிழமை மத்தியானம். அதே சனம். செல்வி அன்ரியும் கையில் வரிசை இலக்கச் சீட்டோடு நின்றார். நான் சட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து மூடியைத் திறந்தேன். அந்த மணத்துக்குப் போக்கே தின்றுகொண்டிருந்த டெனிஷ்காரர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

பிரணவன் ஓடி வந்தான். "அக்கா, வெளிச் சாப்பாடு இஞ்ச வைக்கக் கூடாது. கொன்ட்ரோல் வந்தா எங்கட ஸ்மைலி போயிடும்." கதவில் ஒட்டியிருக்கிற சுகாதாரப் பரிசோதனைச் சிரிப்பு முகத்தைத்தான் சொன்னான்.

"விக்க வரேல்லைத் தம்பி. அப்பாவின்ர ஆண்டுச் சாப்பாடு. குடுத்திட்டுப் போறன்."

அவனுக்கு விளங்கவில்லை. வரிசையில் நின்ற வயதானவர் ஒருவர் அவனுக்குச் சொன்னார்: "செத்தவரின்ர பேரில குடுக்கிறது, தம்பி. அதை வேண்டாமெண்டு சொல்லக் கூடாது."

அதனால்தான் அந்த நாளுக்காக நான் காத்திருந்தேன். தேத்தண்ணியை மறுக்கலாம். கலியாணச் சோற்றையும் ஏதாவது சொல்லித் தட்டிக் கழிக்கலாம். ஆண்டுச் சோற்றை எங்களில் யாரும் முகத்துக்கு நேரே மறுக்கமாட்டார்கள். மறுத்தால் செத்தவரை மறுத்ததாகிவிடும். சனம் பார்க்கிறது. நான் ஒரு கிண்ணத்தில் தலையின் கன்னப் பக்கமாகப் பார்த்து வைத்து, குழம்பு விட்டு, பாண் வைத்து நீட்டினேன்.

"அங்கிள், சாப்பிடுங்கோ."

"பிள்ளை, வேலை நேரத்தில நான்..."

"ஒரு வாய்."

"சீனி வருத்தம் இருக்கு."

"கறிக்குச் சீனி போடேல்லை, அங்கிள்."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவர் என்னைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். பிறகு ஏப்ரனைக் கழற்றினார். கையைச் சோப்புப் போட்டு வெகு நேரம் கழுவினார். நான் வைத்த பிளாஸ்டிக் முள்ளுக்கரண்டியைத் தள்ளிவிட்டு, பாணைப் பிய்த்து, குழம்பில் தோய்த்து, கன்னச் சதையை எடுத்து வாயில் வைத்தார். அவருடைய தொண்டை ஏறி இறங்குகிற வரைக்கும் நான் கண் வெட்டவில்லை. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அவர் நிறுத்தவில்லை. இன்னொரு வாய், பிறகு இன்னொன்று. கண்குழியை உறிஞ்சினார். கிண்ணத்தை வழித்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்.

"அவர் இன்னும் கொஞ்சம் மிளகு போடுறவர்."

"எவர், அங்கிள்?"

"கொப்பர்தான். நாங்கள் வந்த முதல் வின்ரர். அவரும் நானும் ஒரே அறை. பக்டரியில எறியிற தலையைக் கொண்டு வந்து இப்பிடித்தான் காய்ச்சுவார். எனக்கு அடுப்புப் பத்தவைக்கவும் தெரியாது. அவ்வளவு நாளும் அவர்தான் சமைச்சுத் தந்தவர். ஒரு சட்டியில கை போட்டுத்தான் சாப்பிட்டனாங்கள்."

உங்களுக்குக் கேட்டதா, அப்பா? உங்கள் சட்டியில் ஒரு குளிர்காலம் முழுக்கக் கை போட்டுத் தின்ற மனிதன். பிறகு மற்றத் தமிழர்கள் வந்ததும், தன் பெண்சாதி பிள்ளைகள் வந்ததும், எங்கள் தேத்தண்ணியைப் பார்த்து விரதம் என்ற மனிதன். ஒஸ்லோவுக்கு ரெலிபோன் எடுத்த மனிதன். இதை நீங்கள் ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை? அவர் சொல்ல வேண்டாம் என்று கேட்டாரா? அவருடைய மானத்தைக் காப்பாற்றவா எங்களுடையதைப் போக விட்டீர்கள்? ஃபியோர்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது இதைத்தானா நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும் என்று இதைப் படிக்கிறவர்கள் சொல்லலாம். வரவில்லை. எனக்குக் கோபம் இரண்டு மடங்காகியது. தெரியாமல் செய்கிறவனை விடலாம். கையில் எங்கள் குழம்பு மணக்க மணக்கச் செய்தவனை எப்படி விடுவது?

"ஒஸ்லோவுக்குச் சொல்லேக்க இதையும் சேத்துச் சொல்லியிருக்கலாமே, அங்கிள்" என்றேன். "மீன் ஆக்கள்தான், ஆனா நானும் அந்தச் சட்டியிலதான் சாப்பிட்டனான் எண்டு."

அழுதார் என்று நினைத்துவிடாதீர்கள், அழவில்லை. அவருக்கு வியர்த்தது. பிரணவன் தகப்பனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன நடந்தது, அப்பா?" என்று டெனிஷில் கேட்டான். தகப்பன் ஏப்ரனை எடுத்துத் திரும்பவும் கட்டினார். அன்று இரவு வீட்டில் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அந்தக் கதையை அவரே தன் வாயால் தன் மகனுக்குச் சொல்லட்டும்.

நான் அடுத்த கிண்ணத்தை நிரப்பி செல்வி அன்ரியிடம் நீட்டினேன். "அன்ரி, நாங்கள் குருநகர். கடற்றொழில் செய்த ஆக்கள். அப்பா ரவுன் பக்கம் எண்டு சொல்லுறவர், அது பொய். சாப்பிடுங்கோ." அவர் சாப்பிட்டார். அடுத்தவரும் சாப்பிட்டார். வரிசையில் நின்ற எங்கள் சனம் முழுவதும், இலக்கச் சீட்டை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, உங்கள் தலைக் கறியைத் தின்றது. ஒரு டெனிஷ் கிழவர் இது இலவசமா என்று கேட்டு இரண்டு தரம் வாங்கினார். சட்டியின் அடியை நான்தான் வழித்தேன்.

நீங்கள் ஆண்டவரிடம் சென்றுவிட்டீர்கள். அங்கே மன்னிப்பதுதான் வழக்கம் என்று எனக்குத் தெரியும். மன்னித்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. இங்கே இருக்கிற வேலை என்னுடையது. வருகிற ஆண்டும் உங்கள் நாளுக்குக் கறி காய்ச்சுவேன். குலசிங்கம் அங்கிள் எங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் படத்துக்கு முன்னால் இருந்து சாப்பிடுவார். வராவிட்டால் அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே சட்டி போகும்.

அவர் எனக்கு முன்னால் போய்விட்டால் அதற்கும் வழி வைத்திருக்கிறேன். அவர்களுடைய வழக்கத்தில் எட்டாம் நாள் எட்டுச் செலவு என்று செய்வார்கள்; செத்தவர் உயிரோடு இருக்கும்போது விரும்பித் தின்றதையெல்லாம் சமைத்து அவருக்குப் படைப்பார்கள். அன்றைக்கு நான் போவேன், அப்பா. வாழையிலையின் நடுவில் ஒரு டொஸ்க் தலையை, மிளகு கொஞ்சம் கூடப் போட்டு, என் கையால் வைப்பேன். இது என்ன என்று யார் கேட்டாலும், இது யாருடைய சட்டி என்று சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்புவேன். இது சத்தியம்.

குருநகர் அந்தோனிப்பிள்ளையின் மூத்த மகள்,
ஜெசிந்தா